மாமன் மடியில் நரி முகம்: வாசகர் கேள்வி–பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷங்களுக்கு உடுத்தும் கில்ட் என்னும் மடிப்பு உடையைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்விக்கு இப்பகுதியில் பதில் எழுதியிருந்தேன். அதில் இடுப்புக்கு முன்னால் தொங்கும் பையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. வந்து சேர்ந்த கடிதங்களோ அந்தப் பையைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் அக்கா மகன் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே மணக்கிறான். ஆனியில் அங்கே திருமணம், ஆடி கழிந்து ஆவணியில் மதுரையில் வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அனைவரும் கில்ட் உடுத்த வேண்டும் என்றும், தாய்மாமனாகிய நான் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டான். அவன் அனுப்பிய கடைப் பட்டியலில் பைக்கு மட்டும் பத்துப் பதினைந்து படங்கள் உள்ளன. சிலவற்றில் ஒரு விலங்கின் முகமே பையின் மூடியாக இருக்கிறது. அவற்றுள் நரி முகம் வைத்த ஒன்று எனக்குப் பிடித்துவிட்டது. நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்களே! அதை விலைக்கே வாங்கி வந்து மதுரை வரவேற்புக்கும் அணியலாமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
— வாசகர், திருமங்கலம்

பதில்: அந்தப் பைக்கு ஸ்போரன் என்று பெயர். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அச்சொல்லுக்குப் பணப்பை என்பதுதான் பொருள். கில்ட்டில் பை வைத்துத் தைப்பதில்லை. எட்டு கஜம் கம்பளித் துணியை, அதாவது நம் எட்டு முழ வேட்டியைப் போல் இரண்டு மடங்கு நீளத்தை, பின்புறம் மடிப்பு மடிப்பாக அடுக்கித் தைத்த ஓர் உடையில் சில்லறை வைத்துக்கொள்ள எங்கேயாவது இடம் வேண்டுமல்லவா? இதே சிக்கலை நம்மவர்கள் பட்டாபட்டி டிராயரின் பையாலும், மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டாலும், அப்பத்தாக்களின் சுருக்குப் பையாலும் தீர்த்துக்கொண்டார்கள். நாம் இடுப்பில் மறைத்து வைத்ததை அவர்கள் முன்னால் தொங்கவிட்டு அலங்கரித்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

ஸ்போரன்களில் பல தரம் உண்டு. பகல் வேளைக்கும் சாதாரண நாளுக்கும் வெறும் தோல்பை போதும். மாலை விருந்துக்கு, மேல் விளிம்பில் வெள்ளி நிறத்தில் வளைந்த உலோகப் பட்டமும் முன்பக்கம் ரோமமும் வைத்த பை. பேக்பைப் என்னும் பைக்குழல் வாசிப்பவர்களுக்கும் படைவீரர்களுக்கும் முழங்கால் வரை நீளும் குதிரை முடிப் பை. நீங்கள் பார்த்த விலங்கு முகம் இந்த மூன்றிலும் சேராத தனி வகை. விலங்கின் தலைத்தோலை முழுதாக எடுத்துப் பதப்படுத்தி, உள்ளே ஓர் அச்சுக் கொடுத்து, கண்ணாடிக் கண் பதித்து, அதைத் தோல்பைக்கு மூடியாகத் தைத்துவிடுவார்கள். முகத்தைப் பிடித்து மேலே தூக்கினால் பை திறக்கும். செந்நரி, பேட்ஜர், நீர்நாய், பைன் மார்ட்டன், காட்டுப்பூனை ஆகியவற்றின் முகங்கள் வழிவழியாகப் பயன்பட்டு வந்தவை. பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை ஓடும் விலங்கு. பைன் மார்ட்டன் கீரியைப் போன்ற உருவமுள்ள, மரமேறும் விலங்கு; நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நீலகிரி மார்ட்டனுக்கு உறவு.

முகம் வைத்த ஸ்போரனைத் தேர்வதற்கு முன் உங்கள் மருமகனிடம் ஒன்று கேளுங்கள்: அவன் எதை அணிகிறான்? மாப்பிள்ளை வெள்ளிப் பட்டம் வைத்த அடக்கமான பையோடு நிற்க, பக்கத்தில் மாமன் பல்லைக் காட்டும் நரியோடு நின்றால், எல்லாப் புகைப்படத்திலும் கண் உங்கள் மடிக்குத்தான் போகும். சீர் கொண்டுவருகிற மாமன் முன்னால் நடக்கலாம். மணவறையில் மாப்பிள்ளையை மறைத்துக்கொண்டு நிற்கலாகாது. இரண்டாவதாக, மேலே போடும் கோட்டு எது என்று பாருங்கள். சொரசொரப்பான டுவீட் கம்பளிக் கோட்டுக்கு விலங்கு முகம் மிகப் பொருத்தம். இரண்டும் காட்டையும் மலையையும் நினைவூட்டுபவை. வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்பு மாலைநேரக் கோட்டுக்கும் அதை அணிகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் கண்ணுக்கு அது பட்டு வேட்டியோடு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டது போலத்தான் தெரிகிறது.

நிறமும் பருமனும் அடுத்தவை. கில்ட்டின் கட்டங்கள் கரும்பச்சை, கருநீலம், சாம்பல் என்று இருந்தால் செந்நரியின் துருநிறம் எடுப்பாகத் தெரியும். சிவப்புக் கட்டமாக இருந்தால் நரி அதில் கரைந்து, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ கறை போலத் தோன்றும். கறுப்பும் வெள்ளையுமான பேட்ஜர் எந்தக் கட்டத்துக்கும் ஒத்துப்போகும், ஆனால் அதன் முகம் அகலமானது. ஆள் வாட்டசாட்டமாக இருந்தால்தான் தாங்கும். ஒல்லியாகவோ குள்ளமாகவோ இருப்பவர் பேட்ஜரைக் கட்டினால் பை ஆளைக் கட்டியிருப்பது போல் ஆகிவிடும். அவர்களுக்குச் சிறிய முகம் அல்லது முகமே இல்லாத தோல்பை நல்லது. வாய் திறந்து பல் தெரியும் முகம், வாய் மூடிய முகம் என்று இரு விதம் இருக்கும். குழந்தைகள் நிறைந்த திருமணத்துக்கு வாய் மூடியதையே எடுங்கள்.

கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது, முதலில் ரோமத்தை அது படிந்திருக்கும் திசையில் ஒரு முறை தடவுங்கள். கையோடு முடி வந்தால் தோல் சரியாகப் பதப்படவில்லை அல்லது பூச்சி விழுந்திருக்கிறது. காதோரத்திலும் மூக்கைச் சுற்றியும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த தோல் முதலில் அங்கேதான் விடும். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இது அற்ப விஷயம் போலத் தோன்றும், ஆனால் ஒரு கண் சற்றே கீழே இருந்தாலும் போதும், அந்த முகம் நாள் முழுவதும் உங்களைக் கேலி செய்துகொண்டே இருக்கும். மூக்கை நெருக்கி முகர்ந்து பாருங்கள். தோல் வாசம் வரலாம், ஊன் வாடை வரக்கூடாது. பிறகு மூடியைத் தூக்கி உள்ளே உங்கள் கைப்பேசி நுழைகிறதா என்று சோதியுங்கள். அழகான முகத்துக்குப் பின்னால் சில நேரம் வெற்றிலைப்பெட்டி அளவு இடம்கூட இருக்காது.

கட்டும் உயரம் இதைவிட முக்கியம். ஸ்போரனின் மேல் விளிம்பு இடுப்பு பெல்ட்டின் பக்கிளுக்கு நான்கு விரற்கடை கீழே நிற்க வேண்டும். அதைத் தாங்கும் வாரின் முன்பகுதி பெரும்பாலும் சங்கிலியாக இருக்கும். வாரை இடுப்பெலும்பின் மேல் படியச் சுற்றி, கில்ட்டின் பின்னால் தைத்துள்ள வளையங்களில் நுழைத்துக் கட்டுவார்கள். புதிதாக அணிகிறவர்கள் எல்லாரும் செய்யும் பிழை, அதை மிகவும் இறக்கி விடுவது. தொடை நடுவே ஆடும் நரி முகம், நடக்கும்போது நடப்பவரையும் பார்ப்பவரையும் ஒருசேரச் சங்கடப்படுத்தும்.

இனி, விலைக்கு வாங்கி மதுரைக்குக் கொண்டுவரும் யோசனை. அதைக் கைவிடுங்கள். கிளாஸ்கோவில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் நம் மத்திய அரசு மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் ரோமத்தோல் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அந்தத் தடை தைத்து முடித்த பைக்குப் பொருந்துமா என்ற வாதத்தை விமான நிலையத்தில் சுங்க அதிகாரியோடு நடத்த வேண்டியவர் நீங்கள்தான். கண் வைத்த ஒரு விலங்குத் தலையைப் பெட்டியில் பார்த்த எந்த அதிகாரியும் அதைச் சும்மா விடமாட்டார். அங்கேயும் எல்லா முகத்துக்கும் அனுமதி கிடையாது. நீர்நாயும் காட்டுப்பூனையும் அங்கே 1994ஆம் ஆண்டு விதிகளாலும், பேட்ஜர் 1992ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தாலும் பாதுகாக்கப்பட்டவை. அந்த விலங்குகளின் முகத்தை ஒருவர் விற்க வந்தால், அது எந்தக் காலத்தில் இறந்த விலங்கு, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்காமல் வாங்கக்கூடாது. செந்நரிக்கு அங்கே அத்தகைய தனிப் பாதுகாப்பு இல்லாததால் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கிறது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தப் பயணத்துக்கென்றே சொன்னது போல் இருக்கிறது.

யோகம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் நரி என்று சொல்வது ஸ்காட்லாந்தின் செந்நரியை அன்று. அது கண்மாய்க்கரைப் புதரிலிருந்து எட்டிப் பார்க்கும் குள்ளநரி. இரண்டும் வெவ்வேறு இனங்கள். அதோடு, யோகம் தருவதாகச் சொல்லப்படுவது விடியலில் உயிரோடு குறுக்கே ஓடும் நரியே ஒழிய, கண்ணாடிக் கண்ணோடு மடியில் தொங்குவது அன்று.

ஆவணி வரவேற்புக்கு என்ன அணிவது என்பீர்கள். அதற்கு மதுரையே வழி சொல்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்துவிட, சொக்கநாதர் நரியைப் பரியாக்கி ஓட்டி வந்த திருவிளையாடலை நம் ஊரில் அதே ஆவணி மூலத் திருவிழாவில்தான் நடத்திக் காட்டுகிறார்கள். நீங்களும் நரியைப் பரியாக்கிவிடுங்கள்: விலங்கு முகத்துக்குப் பதிலாகக் குதிரை வால் முடியில் செய்த ஸ்போரன். பழங்காலத்தில் நம் பெண்கள் வைத்துக்கொண்ட சவுரியைப் போல் நீளமாக, வழுவழுப்பாகத் தொங்கும் அது. வாலிலிருந்து கத்தரித்த முடி. வரவேற்பு மேடையின் வெளிச்சத்தில் நரி முகத்தைவிட அதுவே கம்பீரம். நம் கதையில் அந்தப் பரிகள் இரவோடு இரவாக மீண்டும் நரிகளாகி லாயத்தில் இருந்த குதிரைகளைக் கடித்துப் போட்டன. உங்கள் பைக்கு அந்த ஆபத்து இல்லை.

கேள்வி: என் மகள் மணக்கவிருக்கும் குடும்பத்தில் சம்பந்தி விலங்குத் தலை வைத்த பையைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வரப்போவதாகச் சொல்கிறார். நாங்கள் சைவம். செத்த பிராணியின் முகத்தைக் குத்துவிளக்குக்கு முன் நிறுத்துவதை என் மாமியார் ஒப்புக்கொள்ளமாட்டார். பாரம்பரியம் என்று அவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேசலாமா?
— வாசகி, நத்தம்

பதில்: மறுத்துப் பேச வேண்டாம்; வேறொன்றைக் கேளுங்கள். அவர்களின் பாரம்பரியத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. மலைநாட்டு ஸ்காட்லாந்துக்காரர் ஆதியில் கட்டிய ஸ்போரன், மான்தோலையோ கன்றுத்தோலையோ வட்டமாக வெட்டி, விளிம்பில் தோல்நாடா கோத்துச் சுருக்கிய எளிய பைதான். உங்கள் மாமியார் இடுப்பில் செருகியிருக்கக்கூடிய சுருக்குப் பைக்கும் அதற்கும் துணியும் தோலும்தான் வேறுபாடு. 1746ஆம் ஆண்டுக் கல்லோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின் அவர்களுடைய உடையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது அந்த உடை அரசவை அலங்காரமாக மறுபிறவி எடுத்தது. விக்டோரியா அரசி காலத்தில் ஸ்போரன்கள் பெருத்து, முடி நீண்டு, பகட்டாயின. ஆகவே சம்பந்தி வெறும் தோல்பையோடு வந்து நின்றாலும் அவருடைய பாட்டன் பூட்டனுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

அக்ரிலிக் இழையில் செய்த போலி ரோமமும் இருக்கிறது. தொலைவில் பார்த்தால் தெரியாது. ஆனால் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் அது. ஆரத்தித் தட்டும் குத்துவிளக்கும் இருக்கிற இடத்தில் நான்கடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. விலங்கு முகம் இல்லாத ரோம ஸ்போரன்கள் பலவற்றில் முயல் ரோமமோ, முடியோடு பதனிட்ட மாட்டுத்தோலோ இருக்கும். நரித் தலையை வேண்டாம் என்று தடுத்துவிட்டு மாட்டுத்தோலை மேடையேற்றினால், உங்கள் மாமியாரின் கேள்விக்கு நான் பதில் சொல்ல இயலாது. கோயிலுக்குப் போகும் நேரத்தில், எந்த வகையானாலும் பையைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டு வருவதுதான் முறை. சம்பந்திக்கு நம் வேட்டியை உடுத்திவிட்டால் இந்தப் பேச்சே எழாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியின் பேண்டு குழுவில் நான் டிரம் வாசிக்கிறேன். ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் பேட்ஜர் தலையைக் கட்டிக்கொண்டு அணிவகுத்த படம் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் குழுவுக்கும் அப்படிப் போலியாகச் செய்து அணியலாமா?
— மாணவர், மதுரை

பதில்: தம்பி, நீங்கள் பார்த்த படம் பெரும்பாலும் ஆர்கைல் அண்டு சதர்லாண்டு ஹைலாண்டர்ஸ் என்னும் படைப்பிரிவுடையதாக இருக்கும். 1881இல் 91ஆம், 93ஆம் படைப்பிரிவுகளை இணைத்து உருவான பிரிவு அது. 93ஆம் பிரிவு 1857இல் லக்னோ போரில் நம் மண்ணில் போரிட்டது. ஆர்கைல் பிரிவில் பேட்ஜர் முகம் எல்லாருக்கும் உரியதன்று. அதிகாரிகளும் சார்ஜென்ட்களும் மட்டுமே அதை அணிந்தார்கள். மற்ற வீரர்களின் பையில் ஆறு குஞ்சங்கள் தொங்கின. நடக்கும்போது அவை ஆடுவதால் அவற்றுக்கு ‘ஆடும் ஆறு’ என்று பொருள்படும் பட்டப்பெயரே உண்டு. வெள்ளைக் குதிரை முடியில் ஐந்து கறுப்புக் குஞ்சம் தொங்கினால் பிளாக் வாட்ச் பிரிவு, இரண்டு கறுப்புக் குஞ்சம் தொங்கினால் சீஃபோர்த் அல்லது கார்டன் பிரிவு, கறுப்பு முடியில் இரண்டு வெள்ளைக் குஞ்சம் என்றால் கேமரன் பிரிவு என்று அந்தக் காலத்தில் தொலைவிலிருந்தே சொல்லிவிட முடிந்தது. நம் ஊரில் கொடியின் நிறத்தைப் பார்த்துக் கட்சியைச் சொல்வது போல.

எனவே உங்கள் குழுவுக்கு என் பரிந்துரை பேட்ஜர் அன்று, குஞ்சம். இன்னொருவருடைய படைப்பிரிவின் அதிகாரி அடையாளத்தைப் பள்ளி மாணவர்கள் அணிவது அந்த மரபை அறிந்தவர் கண்ணில் உறுத்தும். குதிரை முடி கிடைக்காவிட்டால் வெள்ளை நூலில் கட்டலாம். தேர்ச்சீலைக்கும் கோயில் குடைக்கும் குஞ்சம் கட்டுகிற கைகள் மதுரையில் உள்ளன, வண்ணத்தையும் எண்ணிக்கையையும் உங்கள் பள்ளிக்கென்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் டிரம் வாசிப்பவர் என்பதால் இன்னொன்று: டிரம்மர்கள் ஸ்போரனை முன்னால் விடாமல் இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் டிரம் அதன்மீது உராய்ந்து முடி முழுவதும் ஒரே மாதத்தில் உதிர்ந்துவிடும்.

கேள்வி: நான் தோல் வேலை செய்பவன். செருப்பு, பெல்ட் எல்லாம் தைப்பேன். இப்படிப்பட்ட பை ஒன்றைச் செய்து தரச் சொல்லி வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கேட்கிறார். நான்குவழிச் சாலையில் வண்டியில் அடிபட்டுச் செத்துக்கிடக்கும் கீரியையும் மரநாயையும் நரியையும் அடிக்கடி பார்க்கிறேன். தானாகச் செத்ததுதானே, அதன் தலையைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: தொடவே தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கு செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. அப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றுமே அந்தச் சட்டத்தின் அட்டவணையில் வருபவை. கொன்றது லாரிதான், நானில்லை என்பது அங்கே எடுபடாது; வைத்திருந்ததே குற்றம்.

ஆனால் கேட்டவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கையில் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது: வெள்ளாட்டுத் தோல். குதிரை முடி பரவுவதற்கு முன்பு ஸ்காட்லாந்துப் படைகளிலேயே வெள்ளாட்டு முடி ஸ்போரன்கள்தான் பரவலாக இருந்தன, ஆகையால் இது மாற்றுச் சரக்குமன்று, மூலச் சரக்கு. நீண்ட முடியுள்ள கிடாயின் தோலை, சுண்ணாம்புத் தொட்டியில் போடாமல் முடியோடு பதனிட்டுத் தரச் சொல்லி வாங்குங்கள். சுண்ணாம்பில் ஊறினால் முடி கழன்றுவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையின் உடலுக்கு ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைப் பயன்படுத்தினால், அந்தப் பழுப்பு நிறம் டுவீட் கோட்டோடு சேரும். நாளாக ஆகக் கையெண்ணெய் பட்டு இன்னும் அழகாகும்.

முகம் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால், தோலை நனைத்து மர அச்சின்மீது இழுத்துக் காய வைத்து முகமாகவே வார்த்துவிடலாம். செருப்புக்கு மேல்தோல் இழுக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தையில்லை. முகத்தை எடுக்கும்போது மூக்கை முதலில் செதுக்குங்கள். மூடியைத் தூக்குபவர் பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான், அந்த இடத்துக்கு உள்ளே இரட்டைத் தோல் கொடுக்க வேண்டும். பையின் அகலம் ஒரு சாண், ஆழம் அதற்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஆட்களுக்கு அளவு சரியாக இருக்கும். பின்பக்கத் தோலில் முடிச்சோ ஆணித்தலையோ துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. எட்டு கஜக் கம்பளியில் ஓர் இழை இழுபட்டால், அதைச் சரிசெய்யக் கேட்கும் கூலி உங்கள் பையின் விலையை விழுங்கிவிடும். மலிவான ஸ்போரன்கள் பாகிஸ்தானின் சியால்கோட்டில் ஏராளமாகச் செய்யப்பட்டு உலகெங்கும் போகின்றன. விலையில் அவற்றோடு போட்டி போட முடியாது. உருப்படியாக ஒன்று செய்து, உரிய விலை சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்ததாகச் சொல்லி, டிரங்குப் பெட்டியில் விலங்குத் தலை வைத்த பழைய பை ஒன்றை வைத்திருந்தார். அது என்ன என்பது உங்கள் பதிலைப் படித்தபின்தான் தெரிந்தது. எப்படிப் பாதுகாப்பது? விற்கலாமா?
— வாசகி, செல்லூர்

பதில்: மதுரைப் பஞ்சாலைகளுக்கும் ஸ்காட்லாந்துக்கும் உள்ள உறவு பழையது. மதுரா கோட்ஸ் என்ற பெயரின் பிற்பாதியே ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரைச் சேர்ந்த நூல் கம்பெனியின் பெயர்தான். எனவே உங்கள் தாத்தா சொன்னது நடந்திருக்கக் கூடியதே.

முதலில், அதை வெறுங்கையால் எடுக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும்படியும் வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் விலங்குத் தோலைப் பூச்சி அரிக்காமல் காக்க ஆர்சனிக், அதாவது பாஷாணம் கலந்த சோப்பைத் தோலின் உட்புறத்தில் தடவுவது வழக்கம். நூறாண்டு ஆனாலும் அந்த நஞ்சு போவதில்லை. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, வெளியே நிழலில் வைத்து, மெல்லிய தூரிகையால் முடி படிந்த திசையில் தூசியைத் தட்டுங்கள். தண்ணீர், தேங்காய் எண்ணெய், வெயில் மூன்றும் ஆகாது. பிளாஸ்டிக் உறையில் மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றி, அந்துருண்டையை ரோமத்தில் படாமல் பெட்டியின் மூலையில் தனித் துணியில் முடிந்து வையுங்கள். தலைக்குள் கசக்கிய தாளைத் திணித்து வைத்தால் முகம் அமுங்காது.

விற்பதற்கு அவசரப்பட வேண்டாம். அது பேட்ஜரா, நீர்நாயா என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் விடை மாறும். நீர்நாயானால் நம் நாட்டிலும், காட்டுயிர் வணிகம் பற்றிய உலக ஒப்பந்தத்திலும் வணிகமே கூடாத விலங்கு. மாவட்ட வனத்துறை அலுவலகத்துக்குப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பையைத் திறந்து உள்தோலில் செய்தவர் முத்திரையோ படைப்பிரிவின் எண்ணோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் படத்தை எனக்கும் அனுப்பிவையுங்கள். இது ஆசிரியர் குழுவின் வேண்டுகோள் அன்று, என் சொந்த ஆசை.

கேள்வி: இந்தப் பையோடு பந்தியில் எப்படி உட்காருவது?
— வாசகர், வாடிப்பட்டி

பதில்: உட்காருவதற்கு முன் வாரோடு பிடித்து இடது இடுப்புக்குத் தள்ளிவிட வேண்டும். நடனமாடும்போதும் அப்படியே. இதை யாரும் சொல்லித்தராததால், பல ஆண்டுகளுக்கு முன் எடின்பரோவில் ஒரு நண்பரின் திருமணத்துக்கு வாடகை பேட்ஜரோடு போயிருந்த நான், அதை மடியிலேயே வைத்துக்கொண்டு விருந்துக்கு உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த நான்கு வயதுப் பெண் குழந்தை, என்னோடு பேசிக்கொண்டே, வெண்ணெய் தடவிய ரொட்டியை ஒவ்வொரு துண்டாக அதற்கு ஊட்டியிருக்கிறாள். எழுந்து நின்றபோதுதான் பார்த்தேன். வாய் திறந்த முகம் அது. மறுநாள் அதைச் சுத்தம் செய்யக் கடைக்காரர் கேட்ட தொகை, நான் எழுதிய மொய்யில் சரிபாதி.